மருந்துக் கம்பனிப் பிரதிநிதி வரும்போது இளம் வைத்தியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் பணிக்கு வரும் இளம் வைத்தியர்கள், எங்கள் தலைமுறை சறுக்கிய இடத்திலேயே மறுபடி சறுக்குகிறார்கள். லஞ்சம் வாங்கக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமலே நடப்பதைப் பற்றித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"ஒரு சாப்பாட்டுக்கு நான் விலைபோவேனா?"

கம்பனி வாங்கித்தரும் சாப்பாட்டைப் பற்றி இளம் வைத்தியர்கள் இப்படிக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது. கேட்பவர் நேர்மையானவர் என்பதால் கோபம் இன்னும் கூடுகிறது. 2001இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், கம்பனிகளின் விளம்பரம் தாம் மருந்து எழுதுவதைப் பாதிக்காது என்று பயிற்சி வைத்தியர்களில் 61 சதவீதத்தினர் சொன்னார்கள். மற்ற வைத்தியர்களையும் அது பாதிக்காது என்று நம்பியவர்கள் 16 சதவீதமே! 2016இல் இன்னோர் ஆய்வு: கம்பனி செலவில் ஒரேயொரு வேளை சாப்பிட்டவர்கள்கூட அதன் மருந்தை மற்றவர்களைவிட அதிகம் எழுதியிருந்தார்கள். சாப்பாட்டின் சராசரி விலை 20 டொலருக்கும் குறைவு. சாப்பாடுதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. ஆனாலும் அலட்சியம் செய்ய முடியாது.

வெள்ளவத்தையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கிளினிக்குக்கு வந்தார். கொலஸ்ட்ரோல் இறங்கவில்லை. இளம் வைத்தியர் மருந்தின் அளவைக் கூட்டப் பார்த்தார். நான் மாத்திரை அட்டையைக் காட்டச் சொன்னேன். கத்தரிக்கோலால் வெட்டிய பாதி அட்டை. "விலை கட்டுப்படியாகவில்லை டொக்டர், ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போடுகிறேன்" என்றார். அதே மருந்து, கம்பனி வைத்த வர்த்தகப் பெயரில் அல்லாமல் மருந்துக்கே உரிய பொதுப்பெயரில், அரச மருந்தகமான ஒசுசலவில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஏன் வர்த்தகப் பெயரை எழுதினீர்கள் என்று கேட்டபோது அந்த வைத்தியரிடம் பதில் இல்லை. அவர் எழுதிக்கொண்டிருந்த குறிப்புத்தாளின் தலைப்பில் அந்தப் பெயர்தான் அச்சாகியிருந்தது.

1971இல் அரச மருந்துக் கூட்டுத்தாபனத்துக்கு முதல் தலைவராக இருந்து, பொதுப்பெயர் மருந்துகளுக்காகப் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக பிபிலே. அவர் பிறந்த நாட்டில் ஓர் ஆசிரியை மாத்திரையை எண்ணி எண்ணி விழுங்குவதை என்னால் பொறுக்க முடியவில்லை.

இலவச மாதிரி மருந்து

வாங்காதீர்கள். மாதிரி தீர்ந்த மறுநாள் நோயாளர் அதையே காசு கொடுத்து வாங்க வேண்டும்.

வெளிநாட்டு மாநாடு

யார் செலவில் போனீர்கள் என்பதை உரையின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். அமெரிக்காவில் 2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, கம்பனிகள் வைத்தியர்களுக்குக் கொடுப்பதை அரசுக்கு அறிவிக்க வேண்டும். 2014 முதல் அந்த விவரத்தை எவரும் வைத்தியரின் பெயரைக் கொடுத்துத் தேடலாம். இங்கே நாமாகச் சொன்னால்தான் உண்டு.

கிளினிக் நேரத்தில் பிரதிநிதி

கடைசி நோயாளர் போன பிறகு வரச் சொல்லுங்கள். வந்ததும் மாத்திரையின் விலையை முதலில் கேளுங்கள்.