செஸ் இன்ஜின்: வல்லுநர் சொல்லும் குறையை நிரலாக மாற்றுவது எப்படி

உங்கள் இன்ஜின் (செஸ் ஆடும் நிரல்) யூசிஐ, அதாவது இன்ஜின்கள் மற்ற மென்பொருளோடு பேசும் பொது நெறிமுறை, வழியாக முழு ஆட்டம் ஆடும் நிலைக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். தொடக்க நிலையில் பெர்ஃப்ட் 5 (ஐந்து அரைநகர்த்தல் ஆழம்வரை எத்தனை வழிகள் என்று எண்ணும் சோதனை; ஒருவர் ஒருமுறை நகர்த்துவது ஓர் அரைநகர்த்தல்) சரியாக 48,65,609 காட்ட வேண்டும். அது வராதவரை நல்ல ஆட்டக்காரர் யாரையும் கூப்பிடாதீர்கள். நகர்த்தல் பிழை பிடிப்பது அவர் வேலையில்லை.

படி 1: "எண்ட்கேம் மோசம்" என்று அவர் சொன்னால் அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. எந்த நகர்த்தல் தப்பு, பதிலுக்கு எது சரி என்று கேட்டு, ஃபென் வரியோடு (பலகை நிலையை ஒரே வரியில் எழுதும் முறை) ஒரு கோப்பில் சேருங்கள். இருபது நிலை சேர்ந்தாலே எங்கே ஓட்டை என்று பிடிபடும்.

படி 2: கோளாறு தேடலிலா (முன்னே வரும் நகர்த்தல்களைப் பார்ப்பது), மதிப்பீட்டிலா (நிலைக்கு மதிப்பெண் போடுவது)? பலர் சறுக்குவது இங்கேதான். ஃபிஷரும் ஸ்பாஸ்கியும் மோதிய 1972 ரெய்க்யவிக் உலக சாம்பியன் போட்டியின் முதல் ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கறுப்பில் ஆடிய ஃபிஷர் 29-வது நகர்த்தலில் எச்2 சிப்பாயைப் பிஷப்பால் எடுத்தார். ஸ்பாஸ்கி ஜி3 தள்ளினார், பிஷப் மாட்டிக்கொண்டது. ஆனால் அது உண்மையில் விழுந்தது எடுத்த நகர்த்தலையும் சேர்த்து 12-வது அரைநகர்த்தலில். 8 அரைநகர்த்தல் ஆழம் தேடும் இன்ஜின் கண்ணுக்கு ஒரு சிப்பாய் லாபம் மட்டுமே தெரியும். குவையசென்ஸ் தேடலும் (ஆழம் முடிந்த பிறகும் வெட்டுகளை மட்டும் தொடர்ந்து பார்ப்பது) காப்பாற்றாது, ஏனென்றால் நடுவில் வருபவை ராஜாவின் அமைதியான நடைகள்.

ஆகவே அதே நிலையை நாலைந்து ஆழம் கூட்டி ஓட்டுங்கள். குறை மறைந்தால் தேடல் எட்டவில்லை என்று பொருள். மறையவில்லையென்றால் மதிப்பீட்டில்தான் பிசகு. மதிப்பீட்டை அம்சம் அம்சமாக அச்சிடும் கட்டளை ஒன்றை முதல் நாளே எழுதி வையுங்கள். அது இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது வீண்.

படி 3: வல்லுநரிடம் எண் கேட்காதீர்கள். "இது எப்போது தப்பில்லை?" என்று கேளுங்கள். எச்2-வில் கறுப்பு பிஷப், ஜி3-ல் வெள்ளைச் சிப்பாய் என்றால் 150 சென்டிபான் (ஒரு சிப்பாயின் மதிப்பு 100 சென்டிபான்) கழிக்கலாம். ஆனால் அந்தச் சிப்பாயையே வெட்டிக்கொண்டு வெளியேற வழியிருந்தால்? அந்த விதிவிலக்குதான் அவர் தரும் பொக்கிஷம்.

ஐபிஎம்மின் செஸ் கணினி டீப் ப்ளூவுக்கு கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமின் கொடுத்ததும் இப்படிப்பட்டதுதான். நெடுவரிசை சிப்பாய்களால் அடைபட்டுத் திறக்காமல் இருந்தாலும், திறக்கும் நேரத்தைத் தீர்மானிக்கும் உரிமை நம் கையில் இருந்தால் அங்கே நிற்கும் யானைக்கு மதிப்புண்டு. இயந்திரமோ அவசரப்பட்டுச் சிப்பாயை மாற்றி அழுத்தத்தைக் கரைத்துவிடும். காஸ்பரோவுடனான 1997 போட்டிக்கான சிப்பில் இதற்கென்று தனி அம்சமே சேர்த்தார்கள்.

படி 4: ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். பழைய பதிப்போடு மோதவிட எனக்குப் பிடித்தது கியூட்செஸ்-கிளி (cutechess-cli) என்ற கட்டளைவரி நிரல். ஜன்னல், பொத்தான் எதுவும் வேண்டாம். ஆட்டத்துக்கு ஆளுக்கு 10 வினாடி, நகர்த்தலுக்கு 0.1 வினாடி கூடுதல். ஒவ்வொரு திறப்பையும் இரு நிறத்திலும் ஆட வையுங்கள். 100 ஆட்டத்தில் 55-45 வந்தால் 35 எலோ (ஆட்டத்திறன் புள்ளி) கூடியதுபோல் தெரியும், ஆனால் பிழை வரம்பு அதைவிடப் பெரியது. எஸ்பிஆர்டி-யை (முடிவு தெளிவானதும் தானாக நிற்கும் புள்ளியியல் சோதனை) 0, 10 எலோ எல்லைகளில் வைத்து, அதுவாக நிற்கும்வரை ஓடவிடுங்கள்.

பின்சேர்க்கை: குறை நியாயமானது, திருத்தியும் எலோ ஏறவில்லை என்றால் உடனே தூக்கி எறியாதீர்கள். இரு பதிப்புக்கும் ஒரே குருட்டுப் புள்ளி இருந்தால் எதிராளி அந்தத் தவறைத் தண்டிக்கவே மாட்டான். வேறு இரண்டு மூன்று இன்ஜின்களோடு மோதவிட்டுப் பாருங்கள். அங்கும் தேறவில்லையென்றால் மாற்றத்தை எடுத்துவிடுங்கள். ஃபென் வரி மட்டும் கோப்பிலேயே இருக்கட்டும்.