கம்பெனி பேரு அப்ரூவ் ஆகலையா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

எங்க ஆபீஸ்ல பாதி வேலை கம்பெனி ரிஜிஸ்ட்ரேஷன்தான். புதுசா பிசினஸ் ஆரம்பிக்கறவங்களும் சரி, புதுசா இந்தத் தொழிலுக்கு வந்த பசங்களும் சரி, பேரு விஷயத்துல மாத்தி மாத்தி அதே இடத்துலதான் வழுக்கி விழறாங்க. நாங்கெல்லாம் ஒரு காலத்துல விழுந்த இடம்தான், அதனால போன வாரம் ஒரு பையன் ரிஜெக்ஷன் லெட்டரோட வந்து நின்னப்போ திட்டவும் மனசு வரல, எழுதியாவது வைப்போம்னு உக்காந்தேன்.

ஸ்பெல்லிங் பாத்து டைப் பண்ணுங்க, கடைசில பிரைவேட் லிமிடெட் போட மறக்காதீங்கன்னு எல்லாம் சொல்லப் போறதில்ல. அது உங்களுக்கே தெரியும்.

நடைமுறை சுருக்கமா இதுதான். எம்.சி.ஏ. (மத்திய அரசோட கம்பெனி விவகார அமைச்சகம்) போர்ட்டல்ல ஸ்பைஸ் பிளஸ்னு ஒரு ஃபார்ம், அதுல பார்ட் ஏ தான் பேருக்கு. ஃபீஸ் 1000 ரூபா, ரெண்டு பேரு கொடுக்கலாம், ரெண்டும் சரியில்லன்னா ஒரே ஒரு தடவை ரீசப்மிஷன், அதாவது திருத்தித் திரும்ப அனுப்பறது, அதுவும் 15 நாளுக்குள்ள. அதுலயும் போச்சுன்னா திரும்ப 1000 கட்டி முதல்ல இருந்து ஆரம்பிக்கணும். நீங்க கோயம்புத்தூர்ல இருந்து போட்டாலும் நாகர்கோவில்ல இருந்து போட்டாலும் ஃபைல் போய் நிக்கறது ஹரியானா மானேசர்ல இருக்கற சென்ட்ரல் ரிஜிஸ்ட்ரேஷன் சென்டர்ல. அதனால சென்னை ஆர்.ஓ.சி.ல (கம்பெனி பதிவாளர் ஆபீஸ்) நமக்கு ஆள் இருக்கு, பேரை நான் வாங்கித் தரேன்னு யாராச்சும் சொன்னா ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிடுங்க.

ஆட்டோ செக் பாஸ் ஆயிடுச்சே!

ஆயிருக்கும். அது நீங்க பேரை டைப் பண்ணதும் போர்ட்டலே பாக்கற சாஃப்ட்வேர் செக். அதுக்கு அப்புறம் ஒரு ஆஃபீசர் உக்காந்து பாப்பாரு, ரிஜெக்ட் பண்றது அவருதான்.

நியூமராலஜி பேரு

ஜோசியர் கூட்டுத்தொகை சரியா வரணும்னு ஒரு எக்ஸ்ட்ரா ஏ, ஒரு எக்ஸ்ட்ரா ஹெச் சேத்துக் கொடுத்திருப்பாரு. சேத்துக்கோங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ஏற்கனவே இருக்கற பேருல இருந்து உங்க பேரு வேறன்னு காட்ட அந்த ஒரு எழுத்து உதவாது. 2014 இன்கார்ப்பரேஷன் ரூல்ஸ்ல 8வது ரூல், 2019 மே மாசம் மாத்தி எழுதினாங்க, அதுல தெளிவா இருக்கு: ஸ்பெல்லிங் மாத்தறது, ஒருமையைப் பன்மையாக்கறது, ரெண்டு வார்த்தையை ஒட்டறது பிரிக்கறது, நடுவுல புள்ளி வைக்கறது, முன்னாடி இருக்கற வார்த்தையைப் பின்னாடி போடறது, கடைசில ஊர் பேரைச் சேக்கறது, இது எதுவுமே வித்தியாசமா கணக்குல வராது. உதாரணத்துக்கு கொங்கு அக்ரோன்னு ஒரு கம்பெனி ஓடிட்டு இருந்தா கொங்கு அக்ரோஸ், அக்ரோ கொங்கு, கொங்கு அக்ரோ கோவை எல்லாமே அதே பேருதான். இதுல பெரிய கொடுமை என்னன்னா, ரெண்டு பேரு கேட்டா ஒரு ஏ போட்டது ஒண்ணு, ரெண்டு ஏ போட்டது ஒண்ணுன்னு கொடுப்பாங்க. முதல் பேரு விழுந்தா ரெண்டாவதும் கூடவே விழும், 1000 ரூபாய்க்கு ஒரே ஒரு சான்ஸ்தான் யூஸ் பண்ணின மாதிரி ஆயிடும்.

டிரேட்மார்க் அப்புறம் பாத்துக்கலாம்

இத நினைச்சாதான் எனக்கு இன்னைக்கும் பத்திக்கிட்டு வரும்.

ஈரோடு பக்கம் ஒரு புருஷன் பொண்டாட்டி, செக்கு எண்ணெய் பிசினஸ், நல்லா ஓடுது. வேற ஒருத்தர் மூலமா கம்பெனி போட்டுட்டாங்க, எங்ககிட்ட வரும்போது ஒண்ணரை வருஷம் ஆயிருந்தது, கையில வக்கீல் நோட்டீஸ். நல்ல தமிழ்ப் பேரு, அதுல ஒரு ழ வருது. இவங்க அந்த ழவுக்கு இசட் ஹெச் போட்டு எழுதியிருக்காங்க, அதே பேரை வெறும் எல் போட்டு ஒருத்தர் அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடியே எண்ணெய்க்கு டிரேட்மார்க் ரிஜிஸ்டர் பண்ணி வச்சிருக்காரு. "கவர்மெண்டே கொடுத்த பேருங்க, இதுக்கு மேல யாருங்க வந்து கேக்கறது?"ன்னு அவரு கேட்டாரு. நியாயமான கேள்விதான், ஆனா பேரு அப்ரூவ் ஆகறது வேற, அந்தப் பேரு மேல உரிமை வர்றது வேற. எம்.சி.ஏ. அப்ரூவல் கொடுத்ததால டிரேட்மார்க் வச்சிருக்கறவரோட உரிமை எங்கயும் போகாது.

அப்ளிகேஷன் போடும்போதே டிரேட்மார்க் இடிக்குதுன்னு கண்டுபிடிச்சு ரிஜெக்ட் பண்ணியிருந்தா 1000 ரூபாயோட முடிஞ்சிருக்கும். அது நல்ல காலம். ஆஃபீசர் கண்ணுல படாம அப்ரூவ் ஆனாதான் உண்மையான செலவே ஆரம்பிக்குது. ரிஜிஸ்டர் ஆன டிரேட்மார்க் ஓனரு கம்பெனி சட்டம் 16வது செக்ஷன்படி மூணு வருஷத்துக்குள்ள ரீஜனல் டைரக்டர்கிட்ட (எம்.சி.ஏ.வோட மண்டல அதிகாரி) போகலாம், அங்க ஆர்டர் வந்தா மூணு மாசத்துல பேரை மாத்தணும். மாத்தாம கெத்தா உக்காந்திருந்தா அவங்களே மாத்திடுவாங்க, எப்படின்னா ஓ.ஆர்.டி.என்.சி.ன்னு போட்டு, வருஷம், ஒரு சீரியல் நம்பர், உங்க கம்பெனியோட சி.ஐ.என். (கம்பெனி அடையாள நம்பர்), இதுதான் உங்க கம்பெனி பேரு. ரீஜனல் டைரக்டர் ஆர்டரை மதிக்காத கம்பெனின்னு அர்த்தம். 2021 செப்டம்பர்ல இருந்து இந்த ரூல் இருக்கு. அந்தப் பேர்ல ஒரு பில் அடிச்சு கஸ்டமருக்கு நீட்டிப் பாருங்க தெரியும்.

இவங்க அந்த அளவுக்குப் போகல, நோட்டீஸோடயே சமாதானமாப் போயி தாங்களே பேரை மாத்திக்கிட்டாங்க. ஆனா மாத்தறதுன்னா என்ன, ஸ்பெஷல் ரெசல்யூஷன், கம்பெனியோட அடிப்படை ஆவணங்களான எம்.ஓ.ஏ., ஏ.ஓ.ஏ., பான் கார்டு, ஜி.எஸ்.டி., பேங்க் அக்கவுண்ட், ஃபுட் லைசென்ஸ், ஒண்ணு விடாம எல்லாம். பழைய பேரு அச்சடிச்ச பவுச் ஒரு ரூம் நிறைய கிடந்துச்சு, தயாரிப்பாளர் பேரு தப்பா இருக்கற பாக்கெட்ல எண்ணெயை ஊத்தி விக்க முடியாது இல்லையா, கிலோ கணக்குல எடைக்குப் போட்டாங்க. அந்தம்மா அந்த பவுச்சுல ஒண்ண எடுத்து என் டேபிள் மேல வச்சாங்க, மேட் ஃபினிஷ், தங்க கலர் எழுத்து, நிஜமாவே அழகா இருந்துச்சு. இதெல்லாம் முடிஞ்சும் ரெண்டு வருஷத்துக்கு போர்டுல, லெட்டர்ஹெட்ல புதுப் பேரோட பழைய பேரையும் சேத்துப் போட்டாகணும், அது 12வது செக்ஷன்.

எரிச்சல் எதுக்குன்னா, இத முன்னாடியே பாக்க காசு கிடையாது. டிரேட்மார்க் சைட்ல பப்ளிக் சர்ச் ஃப்ரீ. அதுல தேடறவங்களும் அரைகுறையாத்தான் தேடறாங்க, அதனால இதையும் சொல்லிடறேன். வேர்ட்மார்க் (வெறும் வார்த்தையா இருக்கற மார்க்) தேடும்போது உங்க ஸ்பெல்லிங்க அப்படியே போட்டு ஒரு தட்டு தட்டிட்டு வந்துடாதீங்க, கன்டெயின்ஸ்னு வச்சு பேரோட பாதியைப் போட்டும் தேடுங்க, உச்சரிப்பை வச்சுத் தேடற ஃபொனெட்டிக் சர்ச்னு தனியா இருக்கு அதையும் போடுங்க. தமிழ்ப் பேரா இருந்தா ழவுக்கு இசட் ஹெச், எல், தவுக்கு டி ஹெச், வெறும் டின்னு எழுத முடிஞ்ச எல்லா விதத்துலயும் தேடணும். டிரேட்மார்க்குல பொருள், சேவைகளை கிளாஸ் கிளாஸா பிரிச்சிருப்பாங்க, மொத்தம் 45 இருக்கு, சமையல் எண்ணெய் 29, மசாலா மாவு எல்லாம் 30, தலைக்குத் தேய்க்கற எண்ணெய் 3. சாப்பாட்டு ஐட்டம்னாலே 30தான்னு நினைச்சு அத மட்டும் பாத்துட்டு வர்றவங்க நிறைய.

அப்புறம் ஸ்டேட்டஸ். அப்ஜெக்டட்னு போட்டிருந்தா அது செத்துப்போன அப்ளிகேஷன்னு நினைச்சுக்கறாங்க. இல்லீங்க, எக்ஸாமினர் ஏதோ கேள்வி கேட்டிருக்காரு, அவ்வளவுதான், அப்ளிகேஷன் உயிரோடதான் இருக்கு. பெண்டிங்ல இருக்கற டிரேட்மார்க்கா இருந்தாலும் போட்டவரோட சம்மதம் இல்லாம அந்தப் பேரு கம்பெனிக்குக் கிடைக்காது. அபாண்டன்ட், ரெஃப்யூஸ்ட், வித்ட்ரான்னு இருந்தாதான் கொஞ்சம் மூச்சு விடலாம்.

என் டிரேட்மார்க்குதானே, எனக்கே எதுக்கு என்.ஓ.சி.?

டிரேட்மார்க் உங்க பேர்ல, இல்ல உங்க அப்பா பேர்ல இருக்கு. கம்பெனி சட்டப்படி வேற ஆளு. அதனால டிரேட்மார்க் ஓனரு ஆட்சேபணை இல்லன்னு கையெழுத்துப் போட்ட லெட்டர், அதாவது என்.ஓ.சி., அட்டாச் பண்ணுங்க.

அப்பா நடத்தின பழைய கம்பெனி பேரு

ரிட்டர்ன் ஃபைல் பண்ணாம விட்டு ஸ்ட்ரைக் ஆஃப் ஆன (பதிவேட்டுல இருந்தே பேரை நீக்கின) கம்பெனியா இருந்தா கெசட்ல வந்த தேதியில இருந்து 20 வருஷத்துக்கு அந்தப் பேரு யாருக்கும் கிடையாது, பையனுக்கும் கிடையாது. சென்டிமென்ட் எல்லாம் அங்க எடுபடாது. எல்.எல்.பி.யா (லிமிடெட் லயபிலிட்டி பார்ட்னர்ஷிப்) இருந்தா 5 வருஷம்.

பேங்க், இன்சூரன்ஸ், நிதி, நேஷனல்

பேருல இந்த வார்த்தைகளை சம்பந்தப்பட்ட இடத்துல பர்மிஷன் இல்லாம தொடாதீங்க. பொண்ணு பேரே நிதிதான்னு ஒருத்தர் ஆதார் கார்டைக் காட்டினாரு, வேற பேரு பாருங்கன்னுதான் சொல்ல முடிஞ்சது.

ஆடியில பேரு வாங்கி ஆவணியில ஃபைல் பண்றது

அப்ரூவ் ஆன பேரு 20 நாளைக்குத்தான் உங்களுக்காக ஒதுக்கி வச்சிருப்பாங்க. அதுக்குள்ள ஸ்பைஸ் பிளஸ்ஸோட பார்ட் பி (கம்பெனியையே ரிஜிஸ்டர் பண்ற பகுதி), மத்த ஃபார்ம் எல்லாம் போயாகணும். நம்ம ஆளுங்க ஆடி பொறந்ததும் பேரை வாங்கிட்டு, ஆவணி முதல் முகூர்த்தத்துல போட்டுக்கலாம் சார்ம்பாங்க. இன்னும் சிலர் பேரு வந்ததுக்கு அப்புறம்தான் டிஜிட்டல் சிக்னேச்சருக்கே அப்ளை பண்ணுவாங்க. ஆபீஸ் அட்ரஸுக்கு ரெண்டு மாசத்துக்கு மேல பழசாகாத ஈபி பில் வேணும், இங்க பில்லே ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் வருது, ஹவுஸ் ஓனரு வெளியூர்ல இருந்தா அவர்கிட்ட கையெழுத்து வாங்கறதுக்கே ஒரு வாரம் ஓடிடும். டாக்குமெண்ட் எல்லாத்தையும் டேபிள் மேல வச்சிட்டு அப்புறம் பேருக்குப் போடுங்க.

நாள் பத்தாதுன்னு தெரிஞ்சா, 20 முடியறதுக்குள்ள 1000 ரூபா கட்டி 40 நாள் ஆக்கலாம், அந்த 40 முடியறதுக்குள்ள இன்னொரு 2000 கட்டி 60 ஆக்கலாம், இல்ல முதல்லயே மொத்தமா 3000 கட்டி 60 வாங்கிக்கலாம். 21வது நாள் போன் பண்ணி கேட்டா என்கிட்ட பதில் கிடையாது.

அப்ரூவல் வர்றதுக்கு முன்னாடி போர்டு அடிக்கறது

வேண்டாம்.

ரீசப்மிஷன்ல அதே பேரு

ரிமார்க்ஸ்ல எந்தக் கம்பெனி, எந்த டிரேட்மார்க் இடிக்குதுன்னு எழுதியே அனுப்புவாங்க. அதப் படிக்காம அதே பேரோட ஒரு உருக்கமான லெட்டரை வச்சு திருப்பி அனுப்பறாங்க, இருந்த ஒரே சான்ஸும் போயிடுது. ரீசப்மிஷன்லயும் புதுசா ரெண்டு பேரு கொடுக்கலாம், ரெண்டையும் டிரேட்மார்க் சைட்ல தேடிட்டுக் கொடுங்க.