விண்ட்சர்ஃபிங் பலகையும் பாயும்: கரையிலேயே செய்துவிடும் தவறுகள்

பாய் பூட்டிய பலகையில் நின்று காற்றின் விசையால் நீரில் செல்லும் விளையாட்டுதான் விண்ட்சர்ஃபிங். மதுரையிலிருந்து அதைப் பழகப் போகிறவர், வைகையில் தண்ணீரைவிட மணலையே அதிகம் பார்த்தவர் என்பதால், பரமக்குடி, இராமநாதபுரம் கடந்து மண்டபம் பக்கத்துக் கடலுக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. அங்கே அவர் தண்ணீரில் விழுவதற்கான காரணம், பெரும்பாலும் கரையில் உறுப்புகளைப் பூட்டும்போதே உண்டாகிவிடுகிறது.

பலகையின் மேற்புறத்தில் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு காற்றுத் திருகு இருக்கும். பலகையின் உட்புறம் நுரைப்பொருளால் ஆனது. வெயிலில் காரின் மேல் கட்டிக் கொண்டுபோகும்போது அதிலுள்ள காற்று விரிந்து, மேலோடு உப்பிப் பிரிந்துவிடக்கூடும். எனவே பயணத்தில் அதைத் தளர்த்தி வைத்து, கடலில் இறங்குமுன் மறக்காமல் முடுக்க வேண்டும். சில புதிய பலகைகளில் இந்தத் திருகு தானாகவே காற்றை வெளிவிடும். உங்களுடையது எந்த வகை என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

மிகுதியான தவறுகள் பாயில்தான் நேர்கின்றன. பாயின் அடிமூலையைக் கீழ்நோக்கி இழுக்கும் கயிற்றை டவுன்ஹால் என்றும், பின்மூலையை, நாம் கையால் பிடித்துக்கொள்ளும் குறுக்குச் சட்டமான பூமின் நுனிக்கு இழுக்கும் கயிற்றை அவுட்ஹால் என்றும் சொல்வார்கள். புதியவர்கள் டவுன்ஹாலைக் கையால் முடிந்தமட்டும் இழுத்துவிட்டு, மீதி இருக்கும் சுருக்கத்தை அவுட்ஹாலால் நீக்கி, இஸ்திரி போட்ட வேட்டிபோலப் பாய் விறைத்து நிற்பதைக் கண்டு திருப்தி அடைகிறார்கள். உண்மையில் டவுன்ஹால்தான் பாய்மரத்தை வளைத்துப் பாய்க்கு வடிவம் தருகிறது. கப்பிகள் வழியாகக் கயிற்றைக் கோத்து, காலை அடிமரத்தில் ஊன்றி இழுத்தால், மேல்பகுதியின் பின்விளிம்பு தொளதொளவென்று தளர்ந்து தெரியும். அந்தத் தளர்ச்சி குறையன்று. பலத்த காற்று வீசும்போது மிகுதியான விசை அந்த வழியாகத்தான் வெளியேறுகிறது. அது இல்லாவிட்டால் காற்றின் அழுத்தம் பாயின் பின்பக்கம் நகர்ந்து, பின்கை இழுபட்டுத் தோள் நோகும். அவுட்ஹாலுக்குச் சிறிதளவு இழுப்பே போதும். பாய்மரமும் பூமும் எத்தனை சென்டிமீட்டர் நீளத்தில் இருக்க வேண்டும் என்பது பாயின்மீதே அச்சிடப்பட்டிருப்பதால், ஊகித்துப் பூட்டவேண்டிய தேவையே இல்லை.

இந்தப் பலகைக்குச் சுக்கான் கிடையாது. பாயை முன்னும் பின்னும் சாய்த்துத்தான் திருப்புகிறோம். அதற்கு இடம்கொடுப்பது பாய்மர அடியில், எப்பக்கமும் வளைந்து கொடுக்கும் யூனிவர்சல் மூட்டு. அதன் ரப்பரை வளைத்துப் பார்த்து, விரிசல் ஏதும் இல்லையென்று உறுதி செய்யாமல் இறங்கக் கூடாது. நடுக்கடலில் அது அறுந்தால் பாய் ஒருபுறமும் பலகை மறுபுறமுமாகப் போய்விடும்.

பழகும் பலகைகளின் நடுவே டேகர்போர்டு என்னும் துடுப்புத் தகடு உண்டு. மெல்லிய காற்றில் அதை இறக்க மறந்தால் பலகை பக்கவாட்டில் அடித்துச் செல்லப்படும். ஆழம் குறைந்த பாக் விரிகுடாக் கரையை நெருங்கும்போது மேலேற்ற மறந்தால் அது தரைதட்டும். பலகையின் அடியில் பின்புறம் நிலையாகப் பூட்டிய ஃபின் என்னும் தகட்டை மேலேற்ற முடியாதாகையால், முழங்கால் ஆழத்துக்கு முன்பே இறங்கிவிடுவது நல்லது.

இரண்டு துண்டுப் பாய்மரத்தின் இணைப்பைத் துடைக்காமல் செருகுவதை எல்லோரும் சிறிய அலட்சியமாக எண்ணுகிறார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். ஒருமுறை உள்ளே புகுந்த மணலால் இறுகிக்கொண்ட நான்கு மீட்டர் மரத்தை அப்படியே காரின் மேல் கட்டி மதுரைக்குக் கொண்டுவந்தேன். மாசி வீதியை ஒட்டிய எங்கள் சந்தின் முனையில் அது திரும்ப மறுத்துவிட்டது.