குன்றிமணி மாலையும் வேறு சில தவறுகளும்

ஜூன் மாதம் மழலையர் வகுப்புகளுக்குப் புதிதாக வரும் ஆசிரியைகள், பிள்ளைகளின் கைவேலைக்குப் பொருள் எடுப்பதில் நான் முன்பு செய்த தவறுகளையே வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கூரான குச்சியைக் கொடுக்கக் கூடாது என்பது போன்றவை யாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

குன்றிமணி

களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைப்பதாலேயே, குன்றிமணி பிள்ளைகளுக்கும் ஆகும் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். முதல் வருடம் நானும் அதை வெந்நீரில் ஊறவைத்து, தடித்த ஊசியால் துளையிட்டு, நான்கு வயதுப் பிள்ளைகள் நூலில் கோப்பதற்காக ஒரு தாம்பாளம் நிறைய வைத்தேன். பேத்தியை அழைத்துப்போக வந்த பாட்டி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ஆடுமாட்டுக்கே ஆகாததப் பிள்ளைக கையில குடுத்துருக்கீக?" என்றார். அப்போது எனக்குக் கோபம்தான் வந்தது.

விசாரித்த பிறகே விவரம் புரிந்தது. குன்றிமணியின் பருப்பில் ஆப்ரின் என்னும் கொடிய நஞ்சு இருக்கிறது. கெட்டியான தோல் உடையாத மணியை விழுங்கினால் அது பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். மென்றாலோ, முன்பே துளையிட்டிருந்தாலோ நஞ்சு உடலில் இறங்கிவிடும். மாலை கோப்பதற்காக நான் மெனக்கெட்டுப் போட்ட துளைதான், ஓரளவு அடங்கியிருந்த ஆபத்தைத் திறந்துவிட்டிருந்தது. தாம்பாளத்தில் எத்தனை மணிகளை வைத்தேன் என்று எண்ணியிருக்கவில்லை என்பதால், ஒன்று குறைந்ததா என்பதும் தெரியவில்லை. அறிகுறிகள் மறுநாள்கூடத் தொடங்கலாம் என்றறிந்து, அடுத்த சில நாள்கள் காலையில் மணிகளுக்குப் பதிலாகப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நல்லவேளையாக ஒன்றும் நேரவில்லை.

இந்த வருடமும் ஒரு வகுப்பில் அட்டைச் சட்டத்தைச் சுற்றிக் குன்றிமணியை ஒட்டியிருந்தார்கள். "ஒட்டித்தானே வைத்திருக்கிறோம், கோக்கவில்லையே" என்பது அவர்களுடைய பதில். மதுரை வெயிலில் பசை காய்ந்து பெயர்வதற்கும், பிள்ளைகள் நகத்தால் நோண்டுவதற்கும் எத்தனை நாளாகும்? ஒரு மணி வாய்க்குள் போனதாகச் சந்தேகம் வந்தாலே, வாந்தி வருகிறதா என்று காத்திராமல், மிச்சமுள்ள மணி ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

எருக்கு, அரளி

பூவாகவும் வேண்டாம், இலையாகவும் வேண்டாம்.

ஆரத்திச் சிவப்பு

மஞ்சளில் சுண்ணாம்பு கலந்து சிவப்பாக்கிக் காட்டினால் பிள்ளைகள் கைதட்டுவார்கள். அடுத்த நொடி அதே கையால் கண்ணைக் கசக்குவார்கள். சுண்ணாம்பு கண்ணைப் புண்ணாக்கிவிடும். ஆப்பசோடாவைத் தண்ணீரில் கரைத்து மஞ்சளில் ஊற்றினாலும் செம்மை ஏறும். சற்று மங்கலாக இருக்கும், அவ்வளவுதான்.

ஈர இலை

பூவரச இலையைப் பறித்தவுடன் ஒட்டினால் பூஞ்சை பிடிக்கும். செய்தித்தாளுக்கு நடுவே வைத்து, மேலே பாரம் ஏற்றி, ஒரு வாரம் காய விட வேண்டும்.

கண்மாய் மண்

பொம்மை பிடிப்பதற்குக் கண்மாய்க் கரையில் அள்ளிய மண்ணை அப்படியே கொடுப்பவர்கள், ஒரு முறையாவது அதை வாளியில் கரைத்துச் சல்லடையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். நான் பார்த்தபோது நத்தை ஓடுகளும் முள்ளும், கட்டைவிரல் நகமளவு பச்சைக் கண்ணாடிச் சில்லு ஒன்றும் சல்லடையில் தங்கின. அதன் பிறகு, விளாச்சேரியில் பொம்மை செய்பவர்களிடம் பிசைந்து பதமாக்கிய மண்ணையே கேட்டு வாங்கி, ஈரச்சாக்கில் சுற்றி வைத்துக்கொள்கிறேன்.