ஒரு லட்சம் கிலோமீட்டர் தாண்டிய பழைய காரை எப்போதாவதுதான் எடுக்கிறீர்களா? இப்படிப் பார்த்துக்கொள்ளுங்கள்

என் சான்ட்ரோ ஜிங் 2010-இல் வாங்கியது. மீட்டர் 1,42,000 கிலோமீட்டரைக் காட்டுகிறது. ஆபீஸுக்கு மெட்ரோவில் போக ஆரம்பித்த பிறகு, வாரத்தில் ஆறு நாள் அது வேப்பமரத்தடியில்தான் நிற்கிறது. ஓடாத வண்டிக்கு என்ன செலவு வந்துவிடப்போகிறது என்று ஆறு மாதம் நிம்மதியாக இருந்தேன். ஏழாவது மாதம் பேட்டரி போயிற்று, பின் சக்கர பிரேக் ஒட்டிக்கொண்டது, காருக்குள் கால் வைக்கும் மேட்டைத் தூக்கினால் அடியில் தண்ணீர். எல்லாம் நானே தேடிக்கொண்டவை.

முதல் படி: மீட்டரை விட்டுவிட்டுக் காலண்டரைப் பாருங்கள்

சர்வீஸ் புத்தகத்தில் "இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முதலில் வருகிறதோ அது" என்று இருக்கும். இத்தனை நாள் கிலோமீட்டர்தான் முதலில் வந்தது. இனி மாதம்தான் முதலில் வரும். வருடத்தில் 2,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தாலும் இன்ஜின் ஆயிலையும் ஃபில்டரையும் வருடத்துக்கு ஒரு முறை மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அதையும் மாற்ற வேண்டும். இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட்டுக்குப் புத்தகம் சொல்லும் கணக்கு.

டைமிங் பெல்ட் (வால்வுகளைப் பிஸ்டனோடு இசைந்து இயங்க வைக்கும் பட்டை) உள்ள இன்ஜின் என்றால் கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும். அது ரப்பர், வண்டி சும்மா நின்றாலும் அதற்கு வயதாகும். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். கடைசியாக எப்போது மாற்றியது என்று உங்களுக்கே தெரியாவிட்டால் மாற்றிவிடுவதுதான் நல்லது. பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள வண்டிக்காரர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

இரண்டாவது படி: வாரம் ஒரு முறை நிஜமாகவே ஓட்டுங்கள்

நான் செய்த பெரிய தவறு, தினமும் காலையில் நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்தது. பக்கத்து வீட்டுக்காரர்கூட "நல்லா மெயின்டெயின் பண்றீங்க சார்" என்றார். உண்மையில் அது வண்டிக்குக் கெடுதல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளிவருகிறது. சைலன்சர் நன்றாகச் சூடாகாவிட்டால் அந்த ஆவி உள்ளேயே தண்ணீராகித் தங்கித் துருப்பிடிக்கும். ஆயிலிலும் ஈரம் சேரும். ஆயில் ஊற்றும் மூடியைத் திருகிப் பாருங்கள். அடியில் பால் ஏடு மாதிரி வெளுப்பாக ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இந்த ஈரம்தான். நன்றாக ஓட்டிய பிறகும் அது போகாமல், கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால் மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்.

டெம்பரேச்சர் முள் நடுவுக்கு வந்தாலும் ஆயில் சூடாக இன்னும் சில நிமிடம் ஆகும். எனவே அரை மணி நேரமாவது, முடிந்தால் நாலாவது, ஐந்தாவது கியர் போட முடிகிற சாலையில் ஓட்டுங்கள். ஏ.சி.யைப் பத்து நிமிடம் போடுங்கள், வெயில் இல்லாவிட்டாலும். ஆள் இல்லாத இடமாகப் பார்த்து இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்திப் பிடித்தால் டிஸ்க்கில் படிந்த துரு போய்விடும்.

மூன்றாவது படி: பேட்டரி

நிற்கிற வண்டியிலும் கடிகாரம், அலாரம் போன்றவை கொஞ்சம் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் வாரத்துக்கு 5 ஆம்பியர் ஹவர், மாதத்துக்கு ஏறக்குறைய 22. சின்ன கார் பேட்டரியின் மொத்தக் கொள்ளளவே 35 ஆம்பியர் ஹவர்தான். நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடினால் இதெல்லாம் திரும்ப ஏறாது.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று வாங்கி, காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் அளந்து பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் வெளியே சார்ஜ் போட வேண்டியதுதான். இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும்.

இரண்டு வாரத்துக்கு மேல் ஊருக்குப் போனால் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். மாற்றிச் செய்தால் ஸ்பேனர் பாடியில் பட்டுத் தீப்பொறி பறக்கும்.

நான்காவது படி: நிறுத்தும் விதம்

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுப் பல நாள் விடாதீர்கள், முக்கியமாக மழையில் நனைந்த பிறகு. பிரேக் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

மரத்தடி என்றால் பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தில் சேர்ந்த இலைகளை அள்ளிப் போடுங்கள். அங்கே தண்ணீர் வடியும் ஓட்டையை வேப்பிலை அடைத்ததால்தான் என் காருக்குள் கால் மேட்டுக்கு அடியில் குளம் கட்டியது. அப்படியே எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். புகையிலை, நாப்தலின் உருண்டை எல்லாம் வைத்துப் பார்த்தேன். சில நாளில் எலிக்கும் பழகிவிட்டது. ஈரமான வண்டிக்குக் கவர் போடாதீர்கள்.

ஐந்தாவது படி: டயரும் பெட்ரோலும்

டயரில் பட்டன் (தரையில் படும் மேடு பள்ளம்) நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும்: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் தயாரானது. ஆறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஏர் அடியுங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து.

இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். பழைய வண்டிகளின் ரப்பர் குழாய்கள் இதற்கென்று செய்யப்பட்டவையும் அல்ல. அடித்த பெட்ரோலை ஓரிரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். சர்வீஸின்போது பெட்ரோல் குழாயில் கீறலோ கசிவோ இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாகக் காகிதங்கள்

இன்ஷூரன்ஸ், பொல்யூஷன் சர்டிபிகேட் தேதிகளைப் போனில் குறித்து வையுங்கள். சொந்த உபயோகக் காரின் ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) 15 வருடத்தோடு முடியும். அதற்கு முன்பே படிவம் 25-ஐக் கொடுத்து, வண்டியை எஃப்.சி.க்கு (தகுதிச் சோதனைக்கு) காட்டினால் ஐந்து வருடம் நீட்டித்துத் தருவார்கள். என் வண்டிக்கு 2025-இல் அந்த நீட்டிப்பு வேலை முடிந்தது. அடுத்தது 2030-இல்.