எழுதியதைப் போனுக்கு வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்

பிள்ளை தினமும் நோட்டில் ஐந்தாறு வரி கையால் எழுதட்டும், எழுதி முடித்ததும் அதையே போனில் கூகுளின் கீபோர்டு செயலியான ஜிபோர்டில், பேசுவதை எழுத்தாக்கும் தமிழ்க் குரல் தட்டச்சைத் திறந்து, நிறுத்தி நிதானமாக வாசிக்கட்டும், அப்புறம் திரையில் வந்ததையும் நோட்டில் இருப்பதையும் பக்கத்தில் வைத்து, மாறி இருக்கும் சொற்களை அவனே பென்சிலால் வட்டமிடட்டும். பத்து நிமிட வேலை, காசு செலவில்லை.

நம் பேச்சில் ர, ற இரண்டும் பெரும்பாலும் ஒரே ஒலிதான், அதனால் காதை நம்பி எழுதுகிற பிள்ளை 'மரத்தில் பரவை இருந்தது' என்று எழுதிவிட்டுப் போய்விடும். போன் ஒலியை மட்டும் பார்ப்பதில்லை, முன்பின் சொற்களையும் பார்ப்பதால் பெரும்பாலும் 'பறவை' என்றே போடும். நாம் சிவப்பு மையில் திருத்திக் கொடுப்பதைவிட, தானே கண்டுபிடித்த பிழை மனதில் நிற்கும். வாய்விட்டு வாசிக்கும் பழக்கம் கூடுதல் லாபம். விட்டுப்போன சொல்லும் வாசிக்கும்போதே தட்டுப்படும்.

ஆனால் ஒற்று விஷயத்தில் போனை நம்பாதீர்கள். 'படித்து பார்த்தான்' என்று க், ச், த், ப் இல்லாமல் விட்டுவிடும். ஊர்ப்பெயர், வட்டாரச் சொல், நிறுத்தக்குறி இதிலெல்லாமும் சொதப்பும், ஆகவே வட்டமிட்டதை ஒருமுறை அகராதியில் பார்ப்பது நல்லது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது வேண்டாம். திக்கித் திக்கி வாசித்தால் போன் வேறு ஏதோ எழுதி, பிள்ளையைத்தான் குழப்பும்.