தோபித்து எங்கே? வீட்டிலுள்ள பைபிள்களைப் பொருத்திப் படிக்கும் முறை

பெண் வீடு ராயபுரம், கத்தோலிக்கர். மாப்பிள்ளை வீடு பெரம்பூர், சி.எஸ்.ஐ. என்னும் புராட்டஸ்டண்ட் சபை. கல்யாணப் பத்திரிகையின் உச்சியில் ‘தோபித்து 8:7’ என்று போட்டு அச்சடித்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் அத்தை தன் வேதாகமத்தை ஆதியாகமத்திலிருந்து வெளிப்படுத்தின விசேஷம்வரை புரட்டிப் பார்க்கிறார். அப்படி ஒரு புத்தகமே இல்லை. ‘பைபிளில் இல்லாததைப் போட்டிருக்கிறார்கள்’ என்று அங்கே பேச்சு கிளம்புகிறது. ‘அவர்கள் பைபிளில் பாதியைப் பிடுங்கிவிட்டார்கள்’ என்று இங்கே பதில் வருகிறது. இரண்டுமே சரியில்லை. வடசென்னையில் ஒரே தெருவில், பல வேளை ஒரே வீட்டில், இரண்டு மூன்று சபைக்காரர்கள் இருக்கிறார்கள். அதனால் இந்த வேறுபாட்டைத் தெரிந்து வைத்துக்கொள்வது அன்றாடத் தேவை.

முதலில் செய்ய வேண்டியது, கையிலிருப்பது எந்த பைபிள் என்று கண்டுபிடிப்பது. அட்டையைப் பார்க்காதீர்கள், பொருளடக்கத்தைத் திறங்கள். முதல் புத்தகம் ‘ஆதியாகமம்’ என்றிருந்தால் அது பெரும்பாலும் ஓ.வி. என்று சொல்லப்படும் பழைய புராட்டஸ்டண்ட் மொழிபெயர்ப்பு. சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகள் எல்லாவற்றிலும் புழங்குவது அதுதான். ‘தொடக்க நூல்’ என்றிருந்தால் 1995இல் வெளியான பொது மொழிபெயர்ப்பு, அதாவது திருவிவிலியம். கத்தோலிக்கக் கோயில்களில் திருப்பலி வாசகங்கள் இதிலிருந்துதான். அடுத்து பழைய ஏற்பாட்டின் கடைசிப் புத்தகத்துக்குப் போங்கள். ஓ.வி.யில் மல்கியா முடிந்த கையோடு மத்தேயு வந்துவிடும். திருவிவிலியத்தில் மலாக்கிக்கும் மத்தேயுவுக்கும் நடுவே ‘இணைத்திருமுறை நூல்கள்’ என்று ஒரு பகுதி இருக்கும். தோபித்து அங்கேதான் இருக்கிறது.

எண்ணிப் பார்ப்பவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள். புராட்டஸ்டண்ட் பைபிளில் 39ம் 27ம் சேர்ந்து 66 புத்தகங்கள். கத்தோலிக்க பைபிளில் 73 என்று மறைக்கல்வியில் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் திருவிவிலியத்தின் பொருளடக்கத்தை விரல் வைத்து எண்ணினால் 75 வரும். தவறு எண்ணுபவரிடம் இல்லை. இணைத்திருமுறைப் பகுதியில் தலைப்புகள் 9: தோபித்து, யூதித்து, எஸ்தர் (கி), சாலமோனின் ஞானம், சீராக்கின் ஞானம், பாரூக்கு, தானியேல் (இ), 1 மக்கபேயர், 2 மக்கபேயர். இவற்றில் எஸ்தரும் தானியேலும் புதிய புத்தகங்கள் இல்லை. ஏற்கெனவே 39க்குள் இருக்கும் இரண்டு புத்தகங்களின் கிரேக்க வடிவத்தில் உள்ள கூடுதல் பகுதிகள் அவை. அந்த இரண்டையும் கழித்தால் 7. 66ம் 7ம் 73.

அதே வீட்டில் பிள்ளைகள் ஆங்கிலக் கத்தோலிக்க பைபிள் வைத்திருந்தால் அதில் இப்படித் தனிப் பகுதி இருக்காது. தோபித்தும் யூதித்தும் நெகேமியாவுக்குப் பின்னே, ஞானமும் சீராக்கும் உன்னதப்பாட்டுக்குப் பின்னே என்று ஊடே ஊடே வரும். திருவிவிலியத்தில் தானியேல் (இ) பகுதியில் வரும் சூசன்னாவின் கதை அங்கே தானியேல் 13ஆம் அதிகாரம். ஓ.வி.யில் தானியேல் 12 அதிகாரத்தோடு முடிந்துவிடுகிறது. நெருப்புச் சூளையில் மூன்று இளைஞர்கள் பாடும் பாடல் அங்கே தானியேல் 3ஆம் அதிகாரத்திலேயே 23ஆம் வசனத்துக்குப் பிறகு நுழைந்துவிடுவதால், அதன் பின் வரும் வசன எண்கள் எல்லாம் தள்ளிப்போகும். ‘தானியேல் 3:50’ என்று யாராவது சொன்னால் ஓ.வி.யில் தேடிப் பயனில்லை. அங்கே அந்த அதிகாரமே 30 வசனம்தான்.

யூதர்களின் திருமறைக்கு வருவோம். அவர்களிடம் 24 புத்தகங்கள் என்று கேட்டதும், 39இல் 15 இல்லையோ என்று நினைத்துவிட வேண்டாம். உள்ளடக்கம் ஓ.வி.யின் பழைய ஏற்பாடேதான், எண்ணும் முறை வேறு. சாமுவேல் இரண்டும் ஒன்று, இராஜாக்கள் இரண்டும் ஒன்று, நாளாகமம் இரண்டும் ஒன்று, எஸ்றாவும் நெகேமியாவும் ஒன்று. ஓசியாவிலிருந்து மல்கியாவரையுள்ள சிறிய தீர்க்கதரிசிகள் 12 பேரும் சேர்ந்து ஒரே சுருள். நாலும் பதினொன்றும் குறைந்து 39, 24 ஆகிறது.

உண்மையான வேறுபாடு வரிசையில் இருக்கிறது. தோரா என்னும் நியாயப்பிரமாணம் 5, நெவீம் என்னும் தீர்க்கதரிசிகள் 8, கெதுவீம் என்னும் எழுத்துகள் 11. இவற்றின் முதலெழுத்துகளைக் கோத்துத்தான் தனாக் என்கிறார்கள். நாம் சரித்திர நூல் என்று சொல்லும் யோசுவா அங்கே தீர்க்கதரிசிகளோடு இருக்கிறது. தானியேல் தீர்க்கதரிசிகளில் இல்லை, எழுத்துகளில் இருக்கிறது. கடைசிப் புத்தகம் மல்கியா அல்ல, நாளாகமம். இதைத் தெரிந்துகொண்டு மத்தேயு 23:35ஐ வாசித்துப் பாருங்கள். ஆபேலின் இரத்தம் முதல் சகரியாவின் இரத்தம்வரை என்கிறார் இயேசு. ஆபேல் ஆதியாகமம் 4இல். ஆலயப் பிராகாரத்தில் கல்லெறிந்து கொல்லப்பட்ட சகரியா 2 நாளாகமம் 24இல். முதல் புத்தகத்திலிருந்து கடைசிப் புத்தகம்வரை என்று பொருள்படும்படி பல அறிஞர்கள் இதை விளக்குகிறார்கள். நம் வரிசையை மட்டும் வைத்துப் படித்தால் இது கண்ணில் படவே படாது.

மக்கபேயர் நூல்கள் யூதர்களின் திருமறையில் இல்லை. ஆனால் அந்த நூல்கள் சொல்லும் ஆலயத் தூய்மைப்படுத்தலைத்தான் அவர்கள் ஆண்டுதோறும் ஹனுக்கா பண்டிகையாகக் கொண்டாடுகிறார்கள். யோவான் 10:22இல் வரும் ‘தேவாலய பிரதிஷ்டை பண்டிகை’ அதுவே. ஒரு நூல் பட்டியலில் இல்லாததால் அதற்கு மதிப்பே இல்லை என்று ஆகிவிடாது. இன்னொன்று: யூதர் ஒருவரோடு பேசும்போது ‘உங்கள் பழைய ஏற்பாடு’ என்று சொல்லாதீர்கள். அவருக்குப் புதியது என்று ஒன்று இல்லை. தனாக் என்றே சொல்லுங்கள்.

ஜார்ஜ் டவுன் ஆர்மேனியன் தெருவில் நடந்தால் ஆர்மேனியர்களின் பழைய கோயில் இருக்கிறது. கிழக்கத்திய மரபுச் சபைகள் என்று தனி உலகம் உண்டு என்பதற்கு நம் ஊரிலேயே உள்ள சாட்சி அது. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் பைபிளில் கத்தோலிக்கர்களிடம் இருப்பவற்றோடு 3 மக்கபேயர், 1 எஸ்ட்ராஸ், மனாசேயின் மன்றாட்டு, 151ஆம் சங்கீதம் ஆகியவையும் உண்டு. எத்தியோப்பியச் சபையில் 81 என்று எண்ணுவார்கள். ஏனோக்கு நூல் அவர்களுக்குத் திருமறை. பழைய சீரிய மொழிபெயர்ப்பில் புதிய ஏற்பாடே 22 புத்தகம்தான். 2 பேதுரு, 2 யோவான், 3 யோவான், யூதா, வெளிப்படுத்தின விசேஷம் ஆகியவை அதில் இல்லை. மற்றபடி கத்தோலிக்கரானாலும் புராட்டஸ்டண்ட் ஆனாலும் புதிய ஏற்பாட்டின் 27இல் தகராறே இல்லை.

அடுத்து சங்கீத எண். வீட்டில் அதிகக் குழப்பம் தருவது இதுதான். ஆயா வைத்திருக்கும் பழைய கத்தோலிக்க ஜெபப் புத்தகத்தில் ‘129ஆம் சங்கீதம்’ என்றிருக்கும். ஓ.வி.யில் 129ஐத் திறந்தால் வேறு ஏதோ வரும். அவர் தேடுவது ‘ஆழங்களிலிருந்து உம்மை நோக்கிக் கூப்பிடுகிறேன்’ என்று தொடங்கும் 130. பழைய கத்தோலிக்கப் புத்தகங்கள் வல்காத்தா என்னும் லத்தீன் பைபிளின் எண்ணைப் பின்பற்றின. அது கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தாவின் எண். ஓ.வி.யும் இன்றைய திருவிவிலியமும் எபிரேய எண்ணைப் பின்பற்றுகின்றன. கையிலிருப்பது எந்த வகை என்று சோதிக்க ஒரே ஒரு பக்கம் போதும். ‘ஆண்டவரே என் ஆயர்’ அல்லது ‘கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார்’ என்பது 23இல் இருந்தால் எபிரேய எண், 22இல் இருந்தால் லத்தீன் எண்.

மாற்றும் கணக்கு இது. 1 முதல் 8வரை இரண்டிலும் ஒன்றே. எபிரேய எண்ணின் 9ம் 10ம் லத்தீனில் சேர்ந்து 9 ஆகின்றன. எனவே 11 முதல் 113வரை ஒன்றைக் கழியுங்கள். 114ம் 115ம் சேர்ந்து 113. 116 இரண்டாக உடைந்து 114, 115. 117 முதல் 146வரை மறுபடி ஒன்றைக் கழியுங்கள். 147 இரண்டாக உடைந்து 146, 147. கடைசி மூன்றும் ஒன்றே. இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அந்த ஜெபப் புத்தகத்தின் உள்ளட்டையில் ஒட்டிவிடுங்கள்.

வசன எண்ணிலும் ஓர் ஆட்டம் உண்டு. யூதப் பதிப்புகளில் ‘தாவீதின் சங்கீதம்’ போன்ற தலைப்பும் வசனமாக எண்ணப்படும். அதனால் ஓ.வி.யில் 19 வசனமுள்ள 51ஆம் சங்கீதம் அங்கே 21 வசனம். கிறிஸ்துமஸ் நேரத்தில் எண்ணூர்வரை எல்லாக் கோயில் முகப்பிலும் எழுதப்படும் ‘நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்’ நம்மிடம் ஏசாயா 9:6, எபிரேயப் பதிப்பில் 9:5. யோவேல் நமக்கு 3 அதிகாரம், அவர்களுக்கு 4. மல்கியா நமக்கு 4, அவர்களுக்கு 3. வசனம் கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று முடிவுகட்டாமல் முன்பின் ஓர் அதிகாரம் பாருங்கள்.

சுருக்கக் குறியீடுகளில் ஓர் எழுத்து ஆளையே மாற்றிவிடும். திருவிவிலியத்தில் ‘திபா’ என்றால் திருப்பாடல்கள், அதாவது சங்கீதம். ‘திப’ என்றால் திருத்தூதர் பணிகள், அதாவது அப்போஸ்தலர் நடபடிகள். அச்சகத்தில் ஒரு துணைக்கால் விழுந்தால் ‘ஆண்டவரே என் ஆயர்’ இருக்க வேண்டிய இடத்தில் பவுல் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று பேசுவார். ‘சஉ’ சபை உரையாளர், அதுதான் பிரசங்கி. ‘சீஞா’ சீராக்கின் ஞானம், அது ஓ.வி.யில் கிடையாது. ஆட்களின் பெயர்களும் மாறும். ராயபுரத்தின் பெயரிலேயே இருக்கும் ராயப்பர் பேதுருதான். சின்னப்பர் பவுல், அருளப்பர் யோவான். பழைய கத்தோலிக்கப் பதிப்பில் ‘அருளப்பர் நற்செய்தி’ என்று கண்டால் மிரள வேண்டாம்.

இனி, யார் சேர்த்தார், யார் நீக்கினார் என்ற சண்டை. இதற்கு உள்ளதை உள்ளபடி சொல்வதே மருந்து. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே யூதர்கள் தங்கள் நூல்களைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்திருந்தார்கள். முதல் கிறிஸ்தவர்கள் பெரும்பாலும் படித்தது அதைத்தான். நம்பாதவர்களுக்கு ஓ.வி.யையே திறந்து காட்டலாம். சங்கீதம் 40:6 ‘என் செவிகளைத் திறந்தீர்’ என்கிறது. அதையே மேற்கோள் காட்டும் எபிரெயர் 10:5 ‘ஒரு சரீரத்தை எனக்கு ஆயத்தம்பண்ணினீர்’ என்கிறது. முன்னது எபிரேய மூலத்திலிருந்து, பின்னது கிரேக்க மொழிபெயர்ப்பிலிருந்து. அந்தக் கிரேக்கத் தொகுப்பில்தான் தோபித்தும் சீராக்கும் இருந்தன. லத்தீன் பைபிளை மொழிபெயர்த்த ஜெரோம் எபிரேயத்தில் உள்ளவற்றையே மூலமாகக் கொள்ள வேண்டும் என்றார், அகுஸ்தீன் மற்றவற்றையும் ஏற்றார். இருவரும் ஒரே காலத்துப் பெரியவர்கள். 397இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் அந்நூல்களைப் பட்டியலில் வைத்தது. 1546இல் கத்தோலிக்கரின் திரெந்து சங்கம் அதைக் கட்டாயமாக அறிவித்தது. ஆகவே 1546இல் புதிதாகச் சேர்த்தார்கள் என்பது தவறு.

பிடுங்கி எறிந்தார்கள் என்பதும் அதே அளவு தவறு. லூத்தர் 1534இல் வெளியிட்ட ஜெர்மன் பைபிளில் அவை தனிப் பகுதியாக இருந்தன. 1611இன் ஆங்கில பைபிளிலும் இருந்தன. தமிழிலேயே, சீகன்பால்கு தொடங்கிய பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை முடித்த சூல்ட்ஸ் இந்நூல்களையும் தமிழாக்கினார். தரங்கம்பாடியில் 1728இல் அவை அச்சேறின. புராட்டஸ்டண்ட் மிஷனரியின் கையால் தமிழுக்கு வந்த நூல்கள் அவை. நல்லொழுக்கத்துக்குப் படிக்கலாம், கோட்பாட்டை நிலைநாட்ட எடுக்கக் கூடாது என்பது ஆங்கிலிக்கன் சபையின் நிலை. சி.எஸ்.ஐ.யின் வேர்களில் அதுவும் ஒன்று. ‘தள்ளுபடி ஆகமம்’ என்ற சொல் சபைகளில் புழங்குகிறது. சம்பந்தி வீட்டில் அதைச் சொல்லாதீர்கள், ‘இணைத்திருமுறை’ என்றால் இருவருக்கும் புரியும்.

கருத்து வேறுபாடு இல்லவே இல்லை என்றும் பூசி மெழுக வேண்டாம். 2 மக்கபேயர் 12இல் இறந்த வீரர்களுக்காக மன்றாடிப் பலி செலுத்தும் பகுதி கத்தோலிக்கருக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாளோடு ஒட்டியது. புராட்டஸ்டண்ட் சபைகள் பொதுவாக இறந்தவர்களுக்காக ஜெபிப்பதில்லை. காசிமேடு கல்லறையில் இரு குடும்பமும் சேர்ந்து நிற்கும்போது வாசிக்கத் தேர்ந்தெடுக்க வேண்டியது அந்தப் பகுதி அல்ல. யோபு 19:25-27, ஏசாயா 25:6-9, யோவான் 11, ரோமர் 8:31-39, 1 தெசலோனிக்கேயர் 4:13-18 ஆகியவை இருவரிடமும் உள்ளவை, இருவருக்கும் ஆறுதல். கல்யாணத்துக்கு ஆதியாகமம் 2:18-24, 1 கொரிந்தியர் 13. கத்தோலிக்கத் திருமண வாசகப் பட்டியலிலும் இவை இருப்பதால் பங்குத்தந்தை மறுக்கப்போவதில்லை.

தோபித்துதான் வேண்டும் என்று பெண் ஆசைப்பட்டால் தாராளமாகப் போடுங்கள். இச்சையினால் அல்ல, நேரிய மனத்தோடு இவளை ஏற்கிறேன், நாங்கள் இருவரும் சேர்ந்து முதுமையடைய இரக்கம் காட்டும் என்று மணமகன் மன்றாடும் இடம் அது. ஆனால் எண்ணை மட்டும் போடாமல் வசனத்தை முழுதாக அச்சிடுங்கள். கீழே ‘தோபித்து 8:7, திருவிவிலியம்’ என்று பதிப்பின் பெயரையும் சேருங்கள். பழைய கத்தோலிக்கப் பதிப்பிலிருந்து எடுக்காதீர்கள். லத்தீன் வழி வந்த தோபித்தில் வாசகமே மாறும். மணமக்கள் மூன்று இரவு ஜெபத்தில் கழிக்கும் செய்தி அதில் உண்டு, கிரேக்கத்தில் இல்லை. இரு சபைக்கும் பொதுவான வசனமானால் ‘சங்கீதம் / திருப்பாடல் 128:1’ என்று இரண்டு பெயரையும் எழுதுங்கள். பல தமிழ் பைபிள் செயலிகளில் ஓ.வி. மட்டுமே இருப்பதால் போனில் தேடிக் கிடைக்கவில்லை என்பதை முடிவாகக் கொள்ளாதீர்கள்.

புரூஃப் வந்ததும் இரு வீட்டிலிருந்தும் ஆளுக்கொருவர் தத்தம் பைபிளோடு உட்கார்ந்து, அச்சிட்ட எண்ணை எடுத்துச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். கோயிலில் வாசிக்கப்போகிறவரும் அன்று எந்தப் புத்தகத்தை மேடைக்கு எடுத்துப்போகிறாரோ அதிலேயே பக்கத்தைக் கண்டுபிடித்து நாடா வைத்துவிட வேண்டும்.